வரிசையை மாற்றும் நாள்

அத்தியாயம் 14

கணக்குப் பரீட்சை முடிந்து எத்னா அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதைப் பல்லிடூன் கடைத்தெரு முழுவதும் பார்த்தது. பெண் கோட்டை விட்டுவிட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பேக்கரிக்காரி பாவப்பட்டு ஓர் ஆப்பிள் கேக் கொடுத்தனுப்பினாள். உண்மை தெரிந்தவள் அம்மா நொரீன் ஒருத்திதான். எத்னா அழுதது பரீட்சை கெட்டுப்போனதால் அல்ல, நன்றாக எழுதிவிட்டதால்.

இது என்ன கூத்து என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகள் பள்ளி முடிக்கும் வருடம், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு வேண்டும் என்று பிப்ரவரியிலேயே ஆசைப்படும் வரிசையில் பதிந்துவிட வேண்டும். ஜூனில் பரீட்சை. மதிப்பெண்ணுக்குப் பெயர் பாயிண்ட். ஆகஸ்டில் அந்த வரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். பாயிண்ட் எட்டுகிற முதல் இடம் எதுவோ அதுதான் கிடைக்கும். அதற்குக் கீழே எழுதியதெல்லாம் அத்தோடு போச்சு.

எத்னா முதல் வரியில் டப்ளினின் பழைய பெரிய பல்கலைக்கழகத்தைப் போட்டாள், அப்பா ஃபின்டனுக்காக. இரண்டாவது வரியில் கில்கொரனைப் போட்டாள், தனக்காக. மேற்குக் கடற்கரையில் காற்றும் மழையும் அடிக்கிற ஒரு சின்ன ஊர், அதில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். டப்ளின் எப்படியும் எட்டாது, கில்கொரன் தானாக மடியில் விழும், அப்பாவின் மனமும் நோகாது என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் கணக்குப் பரீட்சை மண்ணைப் போட்டது.

வரிசையை மாற்ற ஜூலை முதல் தேதி மாலை ஐந்து மணி வரை அனுமதி உண்டு. மாற்றிக்கொள், ஆனால் அப்பாவிடம் சொல்லிவிட்டு மாற்று என்று நொரீன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சொல்லி இரண்டு வாரமாகிவிட்டது. எத்னா ஒவ்வொரு நாளும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இன்று ஜூலை முதல் தேதி.

காலைக் கஞ்சி ஆறும்வரை தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, "அப்பா" என்று ஆரம்பித்தாள். ஃபின்டன் டோலன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் பெய்த மழை நின்று பளீரென்று வெயில் அடித்தது. அவ்வளவுதான், மனிதர் எழுந்துவிட்டார். இன்று ஹார்டுவேர் கடைக்கு விடுமுறை, எல்லோரும் சதுப்புக்குக் கிளம்புங்கள், டர்ஃபை இன்றைக்கே வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று அறிவித்தார்.

சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்தால் அதுதான் டர்ஃப். குளிர்காலம் முழுவதும் டோலன் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான். காய்ந்தது மறுபடி நனைந்தால் பட்ட பாடெல்லாம் வீண். வெயில் அடிக்கிற நாளில் மகள் மனம் திறந்தாலும் சரி, மாமியார் கண்ணை மூடினாலும் சரி, எங்கள் பக்கத்து ஆண்களுக்குச் சதுப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு.

நொரீன் மருத்துவமனைக்கு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் மகளின் காதருகே குனிந்தாள்.

"சதுப்புல சிக்னல் கிடையாதுடி. ஞாபகம் வெச்சுக்கோ."

எத்னா டிராக்டரில் அப்பாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். சத்தத்தில் தைரியம் வந்தது. நான் டப்ளினுக்குப் போகவில்லை என்று உரக்கவே சொன்னாள். இன்ஜின் அதை முழுவதுமாகத் தின்றுவிட்டது. ஃபின்டன் சிரித்த முகத்துடன் தலையாட்டிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

சதுப்பில் அட்ராக்டா அத்தையின் சிவப்புக் கார் அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. ஃபின்டனுக்கு அக்கா. தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் எந்தப் பிள்ளை எத்தனை பாயிண்ட் எடுத்தது, அதை வைத்துக்கொண்டு எங்கே போனது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். பாயிண்ட்டை வீணாக்கக் கூடாது என்பது அவள் கட்சி. அவள் கட்சி என்ன, நாட்டில் பாதிப்பேர் கட்சி அதுதான். நிறையப் பாயிண்ட் வாங்கிய பிள்ளை குறைந்த பாயிண்ட் கேட்கிற படிப்பில் சேர்ந்தால், பெரிய நோட்டைக் கொடுத்து ரொட்டி வாங்கிவிட்டு மீதிச் சில்லறையைக் கேட்காமல் வந்துவிட்ட மாதிரி துடித்துப்போவார்கள். கால்நடை மருத்துவத்துக்குப் பாயிண்ட் எட்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதில் சேர்ந்து, பசுவைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கிற ஒருவரை எனக்குத் தெரியும்.

மதியம் தாண்டியும் வேலை ஓடியது. எத்னா கட்டிகளை வாரி வாரி டிரெய்லரில் எறிந்தாள். அவ்வப்போது செல்போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இருக்கவேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

தேநீருக்கு உட்கார்ந்தார்கள். அத்தை பிளாஸ்க்கைத் திறந்து, ஹாம் இறைச்சி வைத்த ரொட்டியை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டு, தன் செய்தியை வெளியிட்டாள். டப்ளினில் அவளுடைய பழைய சிநேகிதி வீட்டில் ஓர் அறை காலியாகிறதாம். பல்கலைக்கழகத்துக்கு ஒரே பஸ். எத்னாவுக்காகப் பேசி வைத்துவிட்டாளாம். ஃபின்டனின் முகம் மலர்ந்தது. எத்னா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, அந்த ரூம் வேண்டாம். நான் டப்ளின் போகல."

இந்தமுறை இன்ஜின் ஓடவில்லை. சொன்னது இரண்டு பேர் காதிலும் விழுந்துவிட்டது.

கணக்கு மோசமானதற்காக இப்படி மனம் தளரக்கூடாது என்று அத்தை ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். எத்னா அவளை நிறுத்தினாள். கணக்கை நன்றாக எழுதியிருப்பதையும், அதனால் டப்ளின் கிடைத்துவிடுமோ என்று பயப்படுவதையும், இன்று ஐந்து மணிக்குள் கில்கொரனை மேலே கொண்டுவர வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

ஃபின்டன் வெகு நிதானமாகக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பதட்டம்? ஆகஸ்ட்ல ரெண்டு ஊர்லேர்ந்தும் கூப்பிடுவாங்க. அப்ப உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கலாம்."

எத்னா அப்பாவையே பார்த்தாள். அவருக்குத் தெரியாது. பிப்ரவரியிலிருந்து இன்றுவரை, கேட்ட எல்லா இடமும் வந்து வாசலில் வரிசையாக நிற்கும், அதில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்றே அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். டப்ளினை மேலே போடு, போட்டால் என்ன நஷ்டம் என்று அவர் அன்று சொன்னது இந்த நினைப்பில்தான். எந்தப் பிடிவாதத்தைக் கண்டு இவள் ஐந்து மாதம் பயந்தாளோ, அப்படி ஒரு பிடிவாதமே அவரிடம் இருக்கவில்லை.

"கூப்பிட மாட்டாங்கப்பா. மேல இருக்கறது எட்டிடுச்சுன்னா கீழ இருக்கறது செத்துடும். ஒண்ணே ஒண்ணுதான் தருவாங்க."

ஃபின்டன் அக்காவைப் பார்த்தார். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் எழுந்து டிரெய்லர் வரை நடந்துபோய், அதைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தார். முகம் இறுகியிருந்தது.

"அப்ப, டப்ளின் கிடைக்கக் கூடாதுன்னு கணக்குல வேணும்னே தப்பா எழுதப் பாத்தியா?"

"எழுதிடலாம்னுதான் போனேன். மூணாவது கேள்விய பாத்ததும் ஆசை வந்துடுச்சு. விட முடியலப்பா."

ஃபின்டனின் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பை அடக்கிக்கொள்கிறார் என்று எத்னாவுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. ஆனாலும் மனிதர் உடனே இறங்கி வந்துவிடவில்லை. கடைக்கு ஆணி வாங்க வருகிறவன் முதல் பெயிண்ட் வாங்க வருகிறவன் வரை உன் பெண் டப்ளினா என்று கேட்கிறான், அப்படிக் கேட்கும்போது தனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் சொன்னார். அப்படி என்ன இருக்கிறது அந்தக் கில்கொரனில் என்று கேட்டார்.

எத்னா பேச ஆரம்பித்தாள். டப்ளினைக் குறை சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. பார்க்கப் போனபோது கட்டடங்கள் கண்ணைப் பறித்தன. சுற்றிக் காட்டிய மாணவன் இருநூறு வருடத்துக்கு முன் அங்கே படித்தவர்களைப் பற்றி அழகாகப் பேசினான். முதல் வருடம் நாங்கள் கையால் என்ன செய்வோம் என்று இவள் கேட்டதற்கு, குறிப்பெடுப்பீர்கள் என்று சிரித்தான். நானூறு பேர் உட்காரும் கூடத்தில் கடைசி வரிசையில் தான் உட்கார்ந்திருப்பதை அவளால் அப்போதே பார்க்க முடிந்தது. கில்கொரனுக்குப் போனபோது அங்கே ஒரு நீளமான அலைத்தொட்டி இருந்தது. இயந்திரம் அலையைக் கிளப்பும், அலை மிதவையை ஆட்டும், ஆட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கப் பார்க்கிறார்கள். ஈர உடையோடு நின்ற ஒரு மாணவி, யார் என்ன என்று கேட்காமல் மிதவையை இவள் கையில் கொடுத்து, இதில் நீ எதை மாற்றுவாய் என்று கேட்டிருக்கிறாள்.

"ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்பா. பஸ்ஸை விட்டுட்டேன். அவ்வளவு நேரத்துல ஒருத்தர்கூட எனக்கு எத்தனை பாயிண்ட் வரும்னு கேக்கல."

எதை மாற்றச் சொன்னாய் என்று ஃபின்டன் கேட்டார். சும்மாதான் கேட்டார். எத்னா காலிப் பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள். சதுப்பை வடியவிட வெட்டியிருந்த வாய்க்கால், பழுப்புத் தண்ணீர். பாட்டிலுக்குள் ஈர மண்ணைப் போட்டு மிதக்கவிட்டு, ஒரு பலகையால் தண்ணீரைத் தள்ளி அலை கிளப்பினாள். பாட்டில் கவிழ்ந்தது.

கனத்தைப் பாட்டிலின் அடியில் சேர் என்றார் ஃபின்டன், கரையிலிருந்தே. அடியில் சேர்த்தால் ஆடவே ஆடாது, ஆடினால்தானே மின்சாரம் என்றாள் எத்னா. அப்படியானால் கயிற்றைக் கட்டு. கயிறு கட்டினால் ஒரு பக்கமாக இழுக்கும். இழுக்காது, நான் காட்டுகிறேன். அடுத்த நொடி மனிதர் முழங்கால் வரை தண்ணீரில் நின்றார், தன் தொப்பியைக் கழற்றி அத்தையிடம் எறிந்துவிட்டு. அலையை நான் தள்ளுகிறேன், நீ பாட்டிலைப் பார் என்றார். நீங்கள் தள்ளுவது அலை இல்லை வெள்ளம் என்று எத்னா கத்தினாள். இரண்டு பேர் முகத்திலும் சேறு. கயிற்றை எங்கே கட்டுவது என்பதில் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் முட்டாள் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டார்கள். பாட்டில் கடைசியில் கவிழாமல், சாயாமல், அழகாக எழும்பி எழும்பி இறங்கியது.

"பாத்தியா" என்றார் ஃபின்டன், பத்து வயதுப் பையனைப் போல.

எத்னா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கில்கொரனில் அன்று தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஃபின்டனும் அந்த நேரத்தில் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். பாட்டிலை எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வரிசையை எப்படி மாற்றுவது என்று கேட்டார்.

கரையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அட்ராக்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை. சிக்னல் கிடைக்கிற கல்லறை மேட்டுக்கு டிராக்டரில் போனால் ஆறு மணிகூட ஆகிவிடும். வேகமாகப் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான் அங்கே இருந்தது, அதன் சாவி அவள் பையில் இருந்தது. ஒன்றும் செய்யாமல் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டால் போதும், டப்ளின் தானாக ஜெயித்துவிடும். அது அவளுக்கும் தெரியும், மற்ற இருவருக்கும் தெரியும்.

"இது பாயிண்ட்டை வீணாக்கற வேலைன்னுதான் இப்பவும் சொல்றேன்," என்றாள். "சேத்தைத் தொடச்சுட்டு ஏறுங்க."

முப்பது வருடம் தபாலைக் காக்கவைத்தவள் அன்று கார் ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். சதுப்புப் பாதையில் கார் குதித்துக் குதித்துப் போனது. திருப்பத்தில் பாக்கி ஃபாலன் தன் டிராக்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி வானிலை பேசுவதற்குக் கண்ணாடியை இறக்கினார். எதிரே வருகிறவரிடம் நின்று நாலு வார்த்தை பேசாமல் போவது இங்கே பெரிய அவமரியாதை. அத்தை நிற்கவில்லை. ஒரு பக்கச் சக்கரத்தைப் புல்லில் ஏற்றி, ஃபாலனை முறைத்துக்கொண்டே தாண்டினாள். நாளைக்கு இந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று மேடு வரும்வரை புலம்பிக்கொண்டிருந்தாள்.

கல்லறை வாசலில் சிக்னல் வந்தது. வரிசை மாற்றும் இணையப் பக்கம் திறக்கவில்லை. கடைசி நேரத்தில் நாடே மனம் மாறிக்கொண்டிருந்தது போலும். எத்னா செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரில் ஏறினாள். ஃபின்டன் கீழே அவள் கால்களைப் பிடித்துக்கொண்டார். திறந்தது. முதல் வரியில் டப்ளின், இரண்டாவதில் கில்கொரன். கில்கொரனை மேலே ஏற்றினாள். டப்ளினை அழிக்க விரலைக் கொண்டுபோனாள்.

"இரு," என்றார் ஃபின்டன்.

எத்னாவுக்கு உயிரே போய்விட்டது. அப்பா மனம் மாறிவிட்டார் என்று நினைத்தாள்.

"அழிக்காத. ரெண்டாவதா இருக்கட்டும். வராதுன்னு தெரியும். எனக்காக இருக்கட்டும்."

எத்னா அழிக்கவில்லை. உறுதி செய்கிற பொத்தானை அழுத்தினாள். ஐந்து அடிக்கக் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. பதிவாகிவிட்டது என்று மின்னஞ்சல் வந்து விழுந்ததும் சுவரிலிருந்து குதித்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு, அத்தையையும் கட்டிக்கொண்டு, அவள் சட்டையில் சேற்றை அப்பிவிட்டாள். இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அத்தை சட்டையைத் தட்டிக்கொண்டாளே தவிர திட்டவில்லை.

இதைக் கொண்டாட வேண்டும் என்று ஃபின்டன் பிடிவாதம் பிடித்தார். டிராக்டர் ஓடிப்போகாது என்று அக்காவைச் சமாதானப்படுத்தி, ஊர் எல்லையில் உள்ள பெட்ரோல் பங்குக்கு வண்டியை விடச் சொன்னார். ஐஸ்கிரீம் அங்கேதான் நன்றாக இருக்கும். பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு நின்றவர் எத்னாவின் தலைமையாசிரியர் ஹான்ரட்டி. ஊரில் முதல் ஆளாக இவரிடமா சொல்ல வேண்டும்?

டப்ளினுக்குப் பெட்டி கட்டியாயிற்றா என்று ஹான்ரட்டி கேட்டார்.

"இல்ல சார், கில்கொரன்," என்றார் ஃபின்டன். "முதல் வரியில."

ஹான்ரட்டியின் முகம் விழுந்தது. சாவு வீட்டில் செய்கிற மாதிரி ஃபின்டனின் தோளைத் தொட்டார். கணக்கு அவ்வளவு மோசமாகவா போய்விட்டது என்று மெல்லக் கேட்டார். பெண் அழுதுகொண்டு போனதை அவரும் பார்த்தவர்தானே. உம் என்று தலையசைத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஃபின்டன் நிமிர்ந்து நின்றார்.

"கணக்கு ரொம்ப நல்லாப் போயிருக்கு. அதனாலதான் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்து மாத்தினோம்."

பங்குக்காரனுக்கும் கேட்கும்படி சொன்னார். எத்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாயிண்ட் வீணாவதைப் பற்றித் தானே நாள் முழுக்கச் சொல்லிவிட்டதாகவும், வேறு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அத்தை முந்திக்கொண்டாள்.

"வீணா? யாரு சொன்னா?" என்றார் ஹான்ரட்டி. "அலைப் படிப்புதானே? நம்ம பள்ளிக்கூடத்துல மட்டும் நாலு பேர் இந்த வருஷம் அதை முதல்ல போட்டிருக்காங்க. நாடு பூரா இதே கதைதான். சீட்டு முப்பதுதான். போன வருஷம் எத்தனை பாயிண்ட்ல சீட்டு முடிஞ்சுதுன்னு பாக்கவே பாக்காதீங்க, இந்த வருஷம் எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பாயிண்ட்டும் வேணும். இவளுக்கு என்ன கவலை, கணக்கும் இருக்கு, வேதியியலும் இருக்கு."

கேட்டாயா அக்கா, ஒரு பாயிண்ட்கூட வீண் இல்லையாம் என்று ஃபின்டன் குதூகலமாக உள்ளே போய் மூன்று கோன் ஐஸ்கிரீமோடு வந்தார். பெரியதை மகளிடம் கொடுத்தார். எத்னா வாங்கிக்கொண்டாள். வாயில் வைக்கத் தோன்றவில்லை. ஐஸ்கிரீம் உருகி விரலில் வழிந்தது.

கணக்குக்கு மறுநாள் வேதியியல். கடைசி இரண்டு கேள்விகளும் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தவை. டப்ளின் எட்டாமல் போகட்டும் என்று பேனாவை மூடி வைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது போதுமோ போதாதோ என்ற பயத்தில்தான் இன்று வரிசையை மாற்றவும் ஓடி வந்தாள்.

அப்பா கணக்கைப் பற்றித்தான் கேட்டார். வேதியியலைப் பற்றிக் கேட்கவில்லை.